சாட்டை சொடுக்கிப் பழக எந்தத் தரை? பிய்ந்த வார் ஒன்றை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பம் அது. 15 வயது மகன் ஒலிம்பிக் பூங்காவில் நடக்கும் றோயல் ஈஸ்டர் கண்காட்சியில் சாட்டை சொடுக்குபவர்களைப் பார்த்துவிட்டு, தானும் பழகவேண்டும் என்று நின்றான். அப்பா சின்ன வயதில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்தவர். 2000 செப்டெம்பர் 15 அன்று சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஸ்டீவ் ஜெப்ரிஸ் தன்னந்தனியாகக் குதிரையில் வந்து சாட்டையைச் சொடுக்க, அதன் பின் 120 குதிரைவீரர்கள் அரங்கத்துக்குள் ஓடிவந்த காட்சியை இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்பவர். அவர் மறுக்கவில்லை. கங்காருத் தோலில் பின்னிய 6 அடிச் சாட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

நான் பொழுதுபோக்காகச் சாட்டை பின்னுகிறவன், பழுது பார்க்கிறவன். இரண்டு கிழமை கழித்து இருவரும் அந்தச் சாட்டையோடு வந்தார்கள்.

"இவ்வளவு காசு குடுத்து வாங்கினது அண்ணை, ரெண்டு கிழமை தாங்கேல்லை. தோல் கூடாது போல," என்றார் அப்பா.

"நான் கவனமாத்தான் மாமா அடிச்சனான்," என்றான் பையன்.

இருவர் சொன்னதும் ஒரு வகையில் உண்மை. அவன் கவனமாகத்தான் பழகியிருக்கிறான். ஆனால் தோலில் குறை இல்லை. குறை எங்கே இருந்தது என்று தேடிப் போனபோது தெரிந்தவை, சாட்டை பழகத் தொடங்கும் எவருக்கும் உதவும் என்பதால் இங்கே முழுமையாக எழுதுகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் ஊர் இல்லாமல்.

சாட்டையில் கண்டது

அவுஸ்திரேலிய மாட்டுச் சாட்டைக்கு நான்கு பகுதிகள். அரை மீற்றர் அளவிலான பிரம்புக் கைப்பிடி முதலாவது. அதில் தோல் காதுகளால் கோத்துத் தொங்கும் பின்னல் அடுத்தது. அடியில் தடித்து நுனி நோக்கி மெலிந்து போகும். விற்கும்போது சொல்லும் 6 அடி என்ற அளவு இந்தப் பின்னலுக்கு மட்டுமே உரியது. பின்னலின் முடிவில் ஒற்றைத் தோல் வார் ஒன்று, ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். இதை இங்கே ஃபால் என்பார்கள். வாரின் முனையில் முறுக்கிய நூல், அதாவது கிராக்கர். வெடிப்பது இந்த நூல் நுனி.

தேய்வதற்கென்றே இந்தப் பகுதிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நூல் நுனி சில காசுக்குரியது. கையாலேயே முறுக்கி மாற்றலாம். வாரை மாற்றுவதும் பெரிய செலவில்லை. ஆனால் பின்னலின் கடைசி இழைகளால்தான் வாரைப் பிடித்து முடிச்சுப் போட்டிருக்கும். அந்த இழைகள் அறுந்தால் பின்னலைக் கொஞ்சத் தூரம் அவிழ்த்து, நீளத்தைக் குறைத்து, மறுபடி கட்டவேண்டி வரும். ஒரு சாட்டையின் ஆயுள் அந்த முடிச்சில்தான் இருக்கிறது. யார் சாட்டை கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பையனுடைய சாட்டையில் முடிச்சின் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறமாக வெளுத்து, இரண்டு இழைகள் பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. மறுபக்கம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த பளபளப்பு மாறாமல் இருந்தது. வாரின் உட்புறம் நாராகக் கிளம்பியிருந்தது. நூல் நுனி நுனியில் மட்டும் பிரியாமல், நடுவிலும் பக்கவாட்டிலும் வெட்டுப்பட்டிருந்தது.

வெடிப்பால் வரும் தேய்வு வேறு, தரையால் வரும் தேய்வு வேறு. வெறும் காற்றில் சொடுக்கினாலும் நூல் நுனி தேயும். ஆனால் அது முனையிலிருந்து எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிந்து ஒரு குஞ்சம் போல விரியும். தரையில் உரசிய நூலுக்கு ஒரு பக்கம்தான் சிலும்பும். இழைகள் இடையிடையே அறுந்திருக்கும். சாட்டை பழகப் பழக ஒரு பக்கமாக வளைந்து பழகிக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் அதே வயிற்றுப் பக்கம்தான் தரையில் படும். ஒருபக்கத் தேய்வைக் கண்டால் தோலைக் குறை சொல்லவேண்டியதில்லை. எங்கே நின்று பழகினாய் என்று கேட்டால் போதும்.

கேட்டேன். வீட்டு வாசலில், கார் நிறுத்தும் கொங்கிரீட் தரையில்.

தரைக்கும் வெடிக்கும் என்ன உறவு

சாட்டை வெடிப்பது எதிலும் மோதி அல்ல. கையிலிருந்து கிளம்பும் வளையம் ஒன்று, அதாவது சாட்டை மடிந்து திரும்பும் வளைவு, மெலிந்துகொண்டே போகும் பின்னலில் ஓடுகிறது. போகப் போக எடை குறைவதால் வேகம் ஏறுகிறது. கடைசியில் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழும் அதிர்வலையைத்தான் நாம் வெடியாகக் கேட்கிறோம். சாதாரண வெப்பநிலையில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீற்றர் அளவு. அதிவேகப் படங்களில் நுனி அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தையும் எட்டியது பதிவாகியிருக்கிறது. ஏன் இரண்டு மடங்கு என்பதற்கு 2002இல் கோரியெலி, மக்மிலன் ஆகிய இரு கணிதவியலாளர்கள் விளக்கம் தந்தார்கள்: வெடியை எழுப்புவது ஓடிவரும் வளையம், வளையம் ஒலியின் வேகத்தைத் தொடும் நேரத்தில் நுனி அதன் இரட்டிப்பில் போய்க்கொண்டிருக்கும்.

சரியாகச் சொடுக்கினால் இவை எல்லாம் காற்றிலேயே நடந்து முடியும். அப்படியானால் தரைக்கு என்ன வேலை? வெடிக்கு முன்னும் பின்னும்தான் அதற்கு வேலை. தொடங்குபவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, சாட்டையை முதுகுக்குப் பின்னால் தரையில் நேராக நீட்டி விட்டு, கையை உயர்த்தி முன்னோக்கி எறிவது. வெடித்ததும் அது முன்னால் விழும். விழுந்ததை இழுத்து மறுபடி பின்னால் போடவேண்டும். ஒரு வெடிக்கு ஒரு கிடத்தல், ஒரு விழுதல், ஒரு இழுவை. வெடி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் சாட்டை தரையோடுதான்.

அவுஸ்திரேலிய மாட்டுக்காரர்கள் சாட்டையைக் குதிரையில் இருந்தபடி பாவித்தார்கள். சேணத்து உயரத்தில் இருப்பவருடைய சாட்டை தரையைத் தொடுவது குறைவு. தரை கல்லோ மண்ணோ, அவருக்குப் பெரிய பொருட்டில்லை. ஜெர்மனியின் பவேரியாவும் ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க்கும் சந்திக்கும் எல்லைப் புறங்களில் டிசம்பர் 26 முதல் தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய் வரை பனி படிந்த வயல்வெளிகளில் வரிசையாக நின்று 9 பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொடுக்கும் மரபும் இப்படித்தான். தலைக்கு மேலேயே சுழற்றி இருபுறமும் வெடிக்க வைப்பார்கள். பனியில் உரசினாலும் சேதம் குறைவு. நிலத்தில் நின்றபடி, சாட்டையை நிலத்தில் கிடத்திப் பழகுகிறவருக்குத்தான் தரை முதல் கேள்வி ஆகிறது.

காதில் இருந்த தழும்பு

பேசிக்கொண்டிருந்தபோது பையனுடைய வலது காதின் ஓரத்தில் சிவந்த கோடு ஒன்றைக் கண்டேன். சாட்டை பட்டது என்றான். சொடுக்கிக் காட்டு என்று வெளியே கூட்டிப் போனேன். சாட்டையைத் தரையில் கிடத்தாமல், உடம்பை ஒட்டித் தூக்கிச் சுழற்றி, முகத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கவைத்தான்.

ஏன் கிடத்தவில்லை என்று கேட்டேன். "கீழ விட்டால் பிய்யுது மாமா. அதான் தூக்கிப் பிடிச்சனான்."

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். கொங்கிரீட் சாட்டையை மட்டும் கெடுக்கவில்லை, அவனுடைய கையையும் கெடுத்திருந்தது. சாட்டை தேய்கிறதே என்ற பயத்தில், நீட்டிக் கிடத்தும் அடிப்படைப் பாடத்தையே விட்டுவிட்டான். நீட்டிக் கிடத்தாத சாட்டையில் வளையம் எங்கே தொடங்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. எங்கே முடியும் என்றும் சொல்லமுடியாது. அது காதில் முடிந்தது, கண்ணில் முடியாதது அவன் நல்ல காலம். தரையைத் தேர்வது சாட்டையைக் காப்பாற்றும் வேலை என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பழகுபவரின் கண்ணையும் காதையும் காப்பாற்றும் வேலை என்று நான் சொல்வேன். பயமில்லாமல் சாட்டையைக் கீழே விடக்கூடிய தரையில்தான் சரியான வீச்சு வரும்.

பார்த்த தரைகள்

முடிச்சுக்குப் புது இழை போட்டு, புது வார் கட்டிக் கொடுத்தேன். ஒரே நூலில் ஒரே அளவாக முறுக்கிய நுனிகள் சிலவற்றையும் பையனே செய்துகொண்டான். பரிசோதனைக்கு நல்ல சாட்டையைப் பலி கொடுக்க மனமில்லாமல் என் பழைய நைலோன் சாட்டையை எடுத்தோம். ஒவ்வொரு தரைக்கும் ஒரு புது நுனி.

கொங்கிரீட்டில் நூலின் ஒரு பக்கம் உடனேயே சிலும்பத் தொடங்கியது. இதில் ஆச்சரியம் இல்லை. கொங்கிரீட்டின் முகத்தில் இருப்பது மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், எஃகுக் கத்தியையே கீறக்கூடிய கனிமம். தார் வீதி இன்னும் மோசம். அதன் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும், கோடை வெயிலில் 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும், அந்தச் சூட்டில் தோலில் ஊறிய கொழுப்பு வற்றி விறைக்கும். சரளைக் கல்லைப் பரீட்சித்துப் பார்க்கவே நான் விடவில்லை. சாட்டை நுனி ஒரு சின்னக் கல்லைக் கிளப்பினால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கடற்கரையில் பழகலாமே என்பது அப்பாவின் யோசனை. மெத்தென்ற மணல்தானே, எங்கே உரசப் போகிறது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நூல் நுனிக்கு மணல் உண்மையிலேயே நல்லதாக இருந்தது. கொங்கிரீட்டில் பட்ட பாட்டில் கால்வாசிகூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாட்டையை வளைத்துப் பார்த்தபோது பின்னலின் இடுக்குகளிலிருந்து மணல் கொட்டியது. அந்தப் பொடி உள்ளே தங்கினால், ஒவ்வொரு முறை சாட்டை வளையும்போதும் இழையும் இழையும் உரசும் இடத்தில் நின்று அரைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் இழை உள்ளிருந்து அறுந்து வரும். நைலோனைக் கழுவி உலர்த்திவிடலாம். பின்னிய தோலை அப்படிக் கழுவமுடியாது. போதாததற்குக் கடற்கரையில் உப்பும் ஈரமும் வேறு. கொங்கிரீட் தன் சேதத்தை முகத்திலேயே காட்டிவிடும்; மணல் மறைத்துவைக்கும். இரண்டில் மணலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

செயற்கைப் புல் பார்வைக்கு நல்ல தரை. அதன் அடியில் மணலும் ரப்பர்த் துகளும் நிரப்பியிருப்பார்கள். மணலுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும், வெயிலில் சுடுவதும் சேர்த்து.

பாடசாலை உள்ளரங்கின் மரத்தரையைச் சாட்டைக்கு மிகச் சுத்தமான தரை என்றே சொல்லவேண்டும். அழுக்கில்லை, பொடியில்லை, வழுவழுப்பு. ஆனால் நான்கு சுவர்களுக்குள் வெடி எதிரொலித்துக் காதைக் குத்தும். காதடைப்பான் இல்லாமல் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. கூரையில் தொங்கும் விளக்குகளையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பழைய கார்பெட் துண்டு ஒன்றையோ கன்வஸ் படங்கு ஒன்றையோ கொங்கிரீட்மேல் விரித்துப் பழகுவது, வேறு வழியில்லாதவர்களுக்கு நல்ல மாற்று. முன்னும் பின்னும் சாட்டை விழும் நீளத்துக்கு விரிக்கவேண்டும். கண்ணி கண்ணியாகப் பின்னிய கார்பெட் வேண்டாம், நூல் நுனி அதில் கொழுவிக்கொள்ளும். வெட்டிய மயிர் கொண்டது நல்லது. ஓரம் காலில் தடக்காமல் ஒட்டிவிடவேண்டும். ஆனாலும் பையனுடைய வீட்டுக்கு இது பொருந்தவில்லை. மூன்று பக்கமும் அயல் வீடுகள். வெடிச் சத்தத்துக்குக் குழந்தைகளும் நாய்களும் பட்ட பாட்டை அம்மா ஏற்கெனவே கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

புல்

கடைசியில் எல்லாரும் சொல்லும் விடைக்கே வந்தோம்: வெட்டிய புல்வெளி. ஆனால் புல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. எந்தப் புல், எந்த உயரம், எந்த நேரம், எந்த மாதம் என்று பார்க்கவேண்டியிருந்தது.

சிட்னி மைதானங்களில் பெரும்பாலும் கிக்குயு அல்லது கூச் புல். கிக்குயு வளரவிட்டால் தண்டு தண்டாகப் பின்னிக்கொள்ளும். வெட்டாத இடத்தில் சொடுக்கியபோது வார் தண்டுகளில் மாட்டி, கை முன்னே போன பிறகு வெடுக்கென்று விடுபட்டது. அந்த வெடுக்கில் வளையம் உடைந்துபோகும். வெடி வராததால் பழகுபவர் இன்னும் பலமாக அடிப்பார். பலமாக அடிப்பதுதான் சாட்டையில் மிகப் பெரிய கெட்ட பழக்கம். 3 முதல் 5 சென்ரிமீற்றர் உயரத்தில் புதிதாக வெட்டியிருந்த பகுதியில் வார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. நூல் நுனியில் பக்கச் சிலும்பல் இல்லை, முனைக் குஞ்சம் மட்டும்தான்.

நேரம் அடுத்தது. காலையில் புல் முழுக்கப் பனி. ஈரம் குடித்த தோல் வார் கனத்து நீளும், உலர்ந்ததும் விறைக்கும். கனம் கூடியதும் வீச்சின் காலம் மாறும். நேற்றுப் பழகிய கைக்கு இன்றைக்கு வேறு சாட்டை பிடித்தது போலிருக்கும். குளிர்காலத்தில் பனி விலகக் காலை வெகுநேரம் ஆகிறது, மாலை சாயமுன்னரே மறுபடி இறங்குகிறது. அதனால் முற்பகல் 11 மணிக்கு முன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். குனிந்து உள்ளங்கையைப் புல்லில் அழுத்திப் பார்ப்பது மணிக்கூட்டைவிட நம்பகம். கை நனைந்தால் நைலோன் சாட்டை, நனையாவிட்டால் தோல்.

மாதத்தை யோசிக்க வைத்தது பிண்டை என்னும் களை. குளிர்காலத்தில் மெல்ல வளர்ந்து, வசந்தத்தில் முள்விதை கட்டும். வெறுங்காலோடு சிட்னிப் புல்லில் நடந்த எவருக்கும் தெரியும். அந்த முள் காலில் ஏறுவது போலவே நூல் நுனியிலும் ஏறும். முள்ளேறிய நுனி முகத்துப் பக்கம் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. நாங்கள் தேடியது ஜூன் மாதத்தில், இங்கே அது குளிர்காலம். ஆனாலும் வசந்தம் தொடங்கும் செப்டெம்பரில் அதே இடம் எப்படி இருக்கும் என்று பார்த்தே தேர்ந்தோம்.

இடத்தின் அளவைக் கணக்குப் போட்டோம். பின்னல் 1.8 மீற்றர், வார் 0.6, நூல் 0.2, கைப்பிடி 0.5, கை 0.7, சேர்த்து 3.8 மீற்றர். அதை 4 என்று வைத்து, ஒரு எட்டு முன்னே வைத்தாலும் ஆபத்தில்லாதபடி 6 மீற்றர் ஆரைக்கு ஒருவரும் இல்லாத வட்டம் வேண்டும் என்றோம். தலைக்கு மேலேயும் அதே கணக்குத்தான்: தோள் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 6 மீற்றருக்குக் கீழே கிளையோ கம்பியோ கூடாது. மைதானத்தின் நடுவில் இருந்த கிரிக்கெட் ஆடுகளத்திலிருந்து நன்றாக விலகி, உள்ளூராட்சிச் சபையிடம் கேட்டு அனுமதி பெற்ற பிறகே தொடங்கினோம். இந்த நாட்டில் வெடிச் சத்தம் கேட்டால் யாராவது பொலிசைக் கூப்பிடுவது இயல்பு. அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருப்பது பையனுக்கும் நிம்மதி.

பழகும் முறையில் ஒன்றை மாற்றினோம். முன்னால் விழுந்த சாட்டையைப் பின்னுக்கு இழுக்காமல், நின்ற இடத்திலேயே திரும்பி நிற்பது. திரும்பியதும் முன்னால் கிடந்தது பின்னால் ஆகிவிடும், அப்படியே அடுத்த வீச்சைத் தொடங்கலாம். இழுவை முழுவதும் இல்லாமல் போகிறது. எந்தத் தரையில் பழகுபவருக்கும் இதைச் சொல்வேன், கொங்கிரீட்டைத் தவிர வழியில்லாதவர்களுக்கு முக்கியமாக. காற்று மட்டும் ஒரு முறை எதிரே, ஒரு முறை பின்னே வரும். பலத்த காற்றில் பழகவே வேண்டாம்.

அதற்குப் பிறகு

முதல் நாள் புல்லில் பையன் சாட்டையைக் கிடத்தவே தயங்கினான். கை பழைய பயத்தில் தூக்கிக்கொண்டே இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் போட்டுக்கொண்டு, வெடிக்க வேண்டாம், கிடத்தி எறிந்தால் மட்டும் போதும் என்றேன். வெடியைப் பற்றிக் கவலைப்படாமல் எறிந்துகொண்டிருந்தபோது தானாகவே ஒரு வெடி வந்தது, முகத்திலிருந்து மூன்று மீற்றர் தள்ளி, முன்னால். அப்பா தூரத்தில் கதிரையிலிருந்து எழுந்து கைதட்டினார்.

வசந்தம் வந்தபோது நினைத்தபடியே மைதானத்தின் ஒரு மூலை பிண்டையால் நிறைந்தது. அந்த மாதங்களில் படங்கை விரித்துப் புல்லின் மேலேயே பழகினான். படங்கின் அடியில் புல் இருப்பதால் கொங்கிரீட்டைவிட மெத்தென்றிருக்கிறது, முள்ளும் ஏறுவதில்லை. நான் கட்டிக் கொடுத்த வார் ஒரு வருடம் நின்றது. முடிச்சின் இழைகளில் இப்போதும் எந்தப் பக்கமும் வெளுப்பு இல்லை. பழகி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மாதத்துக்கு ஒரு தடவை வாருக்குக் கொழுப்புப் பூசித் தொங்கவிடுகிறான்.

இப்போது வாரை மாற்றும் காலம். படிக்காரம் போட்டுப் பதனிட்ட வெள்ளைத் தோல் வார் உறுதியானது, இலேசானது, வெடியும் கூர்மை. ஆனால் அதற்கு ஈரம் ஆகாது. படிக்காரம் கரைந்து போகும். எண்ணெய் ஊறிய சிவப்புத் தோல் கொஞ்சம் கனம், ஈரத்தைத் தாங்கும். பையன் வெள்ளைதான் வேண்டும் என்கிறான், ஏனென்றால் மேடையில் சொடுக்குபவர்கள் கையில் அதைத்தான் பார்த்திருக்கிறான். பாடசாலை முடிந்து, பின்னேரம் பனி இறங்கும் வேளையில்தான் அவனுக்கு நேரம் கிடைக்கிறது என்பதால் நான் சிவப்பு என்கிறேன். அடுத்த சனிக்கிழமை இரண்டையும் மாறி மாறிக் கட்டி, அவன் நிற்கும் அதே புல்லில் சொடுக்கிப் பார்க்கப் போகிறோம்.